இரவுக் காவல்: கணினி தன்னைத்தானே திருத்திக்கொண்ட வரலாறு

2003 ஆகஸ்டு 18ஆம் தேதி ஒரு விநோதமான புழு இணையத்தில் பரவத் தொடங்கியது. சிலர் அதை வெல்சியா என்றார்கள், சிலர் நாச்சி என்றார்கள். அதற்கு ஒரு வாரம் முன்புதான் பிளாஸ்டர் என்ற இன்னொரு புழு கிளம்பி உலகம் முழுக்க விண்டோஸ் கணினிகளை ஆட்டிவைத்துக்கொண்டிருந்தது. வெல்சியாவும் அதே ஓட்டை வழியாகத்தான் உள்ளே நுழைந்தது. ஆனால் நுழைந்த பிறகு அது செய்த வேலையே வேறு. பிளாஸ்டரைத் தேடிப் பிடித்து அழித்தது. மைக்ரோசாப்டின் தளத்துக்குப் போய் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை இறக்கி நிறுவப் பார்த்தது. பிறகு கணினியை ரீஸ்டார்ட் செய்தது. 2004 பிறந்ததும் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்படியும் அது எழுதப்பட்டிருந்தது.

கேட்க நல்ல பிள்ளையாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த கணினி எங்கே இருக்கிறது என்று தேடி அது விடாமல் கதவுகளைத் தட்டியதில் வலையமைப்புகள் மூச்சு முட்டிப்போயின. ஏர் கனடாவின் பயணிகள் பதிவு தடுமாறியது. அமெரிக்கக் கடற்படையின் உள்வலை திணறியது. காப்பாற்ற வந்தவன் பிளாஸ்டரோடு சேர்ந்து இன்னொரு தொல்லை ஆனான்.

அந்தப் புழுவை எழுதியவர் நல்லவரா கெட்டவரா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கேட்காமல் உள்ளே வருவது, பின்னணியில் ஓடுவது, கோப்புகளை மாற்றுவது, கணினியை மூடித் திறப்பது எல்லாம் புழுவின் லட்சணம் என்றால், இன்று நம் மடிக்கணினி மாதந்தோறும் அதையேதானே செய்கிறது? இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு வித்தியாசம், நாம் கொடுத்த அனுமதி. அந்த அனுமதி எப்போது, எப்படி நம் கையிலிருந்து போனது, எந்த அளவுக்குத் திரும்பி வந்தது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

பெயர் வந்த கதை

யாரும் அழைக்காமல் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு யூனிக்ஸ் உலகத்தில் டீமன் என்று பெயர். 1963 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடியில் பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு அந்தப் பெயரை வைத்தது. இயற்பியலாளர் மேக்ஸ்வெல் ஒரு சிந்தனைச் சோதனையில் குட்டிப் பூதம் ஒன்றைக் கற்பனை செய்திருந்தார். இரண்டு அறைகளுக்கு நடுவே நின்று, ஓயாமல் மூலக்கூறுகளைப் பிரித்து அனுப்பிக்கொண்டிருக்கும் பூதம் அது. கோர்பட்டோ குழு பெயரை அங்கிருந்துதான் எடுத்தது. அவர்கள் எழுதிய முதல் டீமனின் வேலை என்ன தெரியுமா? கோப்புகளைத் தானாகவே நாடாவில் நகல் எடுத்துவைப்பது. ஆக, கணினியின் முதல் பூதம் ஒரு காவல் பூதம்.

நம்மவர்களுக்கு இது அந்நியமான கற்பனை இல்லை. தோட்டத்து எல்லையில் முனியாண்டி இருக்கிறார், ராத்திரியில் அவர் நடந்து போவார், அந்த நேரத்தில் குறுக்கே போகாதே என்று கேட்டு வளர்ந்த சமூகம் நாம். அவர் நடக்கும் சத்தத்தைக் கேட்டு யாரும் கோபப்பட்டதில்லை. காவலுக்குத்தான் நடக்கிறார் என்ற நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் அதே சத்தம் பயமாகிவிடும்.

இன்னொரு சொல்லையும் இங்கே பார்த்துவிடலாம். திருத்தத்துக்குப் பேட்ச் என்று பெயர், அதாவது ஒட்டு. துளையிட்ட காகித நாடாவிலும் அட்டையிலும் நிரல் எழுதிய காலத்தில், தப்பான துளையின் மேல் நிஜமாகவே ஒரு துண்டை ஒட்டி மூடுவார்கள். கிழிந்த சட்டைக்கு ஒட்டுப்போடுவது மாதிரிதான். சட்டை யாருடையதோ அவர்தான் ஒட்டுப்போட்டார். யாரும் ராத்திரியில் வந்து தைத்துவிட்டுப் போகவில்லை.

நாமே போய் எடுத்த காலம்

1998இல் விண்டோஸ் 98 வந்தபோது விண்டோஸ் அப்டேட் என்பது ஓர் இணையப் பக்கம், அவ்வளவுதான். விருப்பப்பட்டவர் போகலாம், பட்டியலைப் பார்க்கலாம், வேண்டியதைத் தேர்ந்தெடுத்து இறக்கிக்கொள்ளலாம். போகாதவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஜாரிங், டிஎம்நெட் என்று தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தைப் பிடித்த அந்த நாட்களில் நிமிடத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்தவர்கள் யார் போய் ஒட்டு தேடப்போகிறார்கள்? "அதான் நல்லா ஓடுதே, எதுக்கு நோண்டணும்?" என்பதுதான் பொதுவான ஞானம்.

2000இல் வந்த விண்டோஸ் எம்இ தானே போய்ப் பார்த்துவரும் வசதியோடு வந்தது. அப்போதும் அது ஒரு வசதி மட்டும்தான். கட்டாயம் இல்லை.

பிறகு அடுத்தடுத்து மூன்று அடி விழுந்தது. 2001 ஜூன் 18 அன்று மைக்ரோசாப்ட் தன் இணையச் சேவையகத்தின் ஓர் ஓட்டைக்குத் திருத்தம் வெளியிட்டது. ஒரு மாதம் கழித்து, ஜூலை 19 அன்று, கோட் ரெட் புழு 14 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 3,59,000 கணினிகளைப் பிடித்தது. 2002 ஜூலையில் எஸ்கியூஎல் சேவையகத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. ஆறு மாதம் கழித்து, 2003 ஜனவரி 25 அன்று, ஸ்லாம்மர் புழு கிளம்பியது. அது தாக்கக்கூடிய கணினிகளில் 90 விழுக்காட்டைப் பிடிக்க அதற்குப் பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது. 2003 ஜூலை 16 அன்று இன்னொரு திருத்தம். ஆகஸ்டு 11 அன்று பிளாஸ்டர். இடைவெளி 26 நாள்.

இந்த மூன்றிலும் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். மருந்து முன்னாலேயே வந்துவிட்டது. குடிக்கத்தான் ஆள் இல்லை.

இதில் ஒரு கொடுமையும் ஒளிந்திருக்கிறது. திருத்தம் வெளியாகும் நாளில்தான் ஓட்டையின் முகவரியும் வெளியாகிறது. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த இடம் மாறியிருக்கிறது, ஏன் மாறியிருக்கிறது என்று கைதேர்ந்தவரால் கண்டுபிடித்துவிட முடியும். ஆகவே திருத்தம் வந்த பிறகு அதைப் போடாமல் இருக்கும் கணினி, திருத்தம் வராத நாளைவிட அதிக ஆபத்தில் இருக்கிறது. "மெதுவா போட்டுக்கலாம்" என்ற பழைய ஞானத்துக்கு அங்கேயே ஆயுள் முடிந்தது.

பிளாஸ்டர் பிடித்த கணினியில் அறுபது விநாடி என்று ஒரு பெட்டி தோன்றி, எண்ணிக்கை குறைந்து, கணினி தானாக அணைந்து எழும். அந்தக் காலத்தில் கணினி வைத்திருந்த யாருக்கும் அந்தப் பெட்டி மறந்திருக்காது. திருத்தத்தை இறக்கி முடிப்பதற்குள் கணினி அணைந்துவிடும். போதாததற்கு, ஆகஸ்டு 16 முதல் விண்டோஸ் அப்டேட்டின் முகவரி ஒன்றையே தாக்கும்படி அந்தப் புழு எழுதப்பட்டிருந்தது. மருந்துக்கடைக்குப் போகும் சாலையை மறிக்கும் வேலை. மைக்ரோசாப்ட் அந்த முகவரியையே கைவிட்டுத் தப்பித்தது.

பொத்தான் இடம் மாறியது

2003 அக்டோபரிலிருந்து மைக்ரோசாப்ட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமையில் திருத்தங்களை மொத்தமாக வெளியிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் செவ்வாய் காலை என்றால் நமக்கு அது புதன்கிழமை அதிகாலை. மலேசியாவும் சிங்கப்பூரும் தூங்கும் நேரத்தில்தான் அது வந்து இறங்குகிறது. 2004 ஆகஸ்டில் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக் வந்தது. நிறுவி முடித்ததும் முழுத்திரையில் ஒரு கேள்வி. தானியங்கிப் புதுப்பித்தலை இயக்கட்டுமா? வேண்டாம் என்றால், திரையின் மூலையில் ஒரு சிவப்புக் கேடயம் உட்கார்ந்துகொண்டு முறைத்தது.

ஒரு சின்ன மாற்றம்தான். முன்பு ஒன்றும் செய்யாமல் இருந்தால் கணினி அப்படியே இருக்கும். இப்போது ஒன்றும் செய்யாமல் இருந்தால் கணினி மாறிக்கொண்டே இருக்கும். மனிதர்கள் பெரும்பாலும் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்பதைக் கோட் ரெட்டும் ஸ்லாம்மரும் பிளாஸ்டரும் நிரூபித்துவிட்டன. அதனால் அந்தச் சோம்பேறித்தனத்தைக் காவலின் பக்கம் திருப்பிவிட்டார்கள். என்னைக் கேட்டால் அது நியாயமான முடிவு.

இதற்குத் தேவையான பின்னணி வேலைக்காரனும் எக்ஸ்பியோடு பிறந்திருந்தான். பிட்ஸ் என்று அழைக்கப்படும் அந்தச் சேவை நீங்கள் இணையத்தைப் பயன்படுத்தாத நேரம் பார்த்து, மிச்சமிருக்கும் அலைவரிசையில் மட்டும் கோப்புகளைச் சிறிது சிறிதாக இறக்கும். இணைப்பு அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். சர்வீஸ் பேக்கின் முழுத் தொகுப்பு ஏறத்தாழ 266 மெகாபைட். 56கே மோடத்தில் ஒரே மூச்சில் இறக்கினாலும் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். விட்டுவிட்டு இறக்கும் ஒரு பொறுமைசாலி இல்லாமல் இந்த ஏற்பாடு நடந்திருக்காது.

ஆனால் பூதத்துக்கும் படையல் வைக்க வேண்டியிருந்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயர் நான்கைந்து இடத்தில் இருக்கும். பல சேவைகள் ஒரே கூரையின் கீழ் ஓடுவதற்கான பொதுப் பெயர் அது. அதில் ஒன்று திடீரென்று நூறு விழுக்காடு காட்டும். உள்ளே இருப்பது யார் என்று தெரியாது. "வைரஸ் வந்துருச்சு போல" என்று ஃபார்மட் அடித்தவர்கள் எத்தனையோ பேர். 2013இல் இதன் உச்சம் வந்தது. எக்ஸ்பியில் எந்தத் திருத்தம் எந்தப் பழைய திருத்தத்தை நீக்குகிறது என்று சங்கிலி பிடித்துப் பார்க்கும் முறை மோசமாக எழுதப்பட்டிருந்தது. சங்கிலியில் ஒரு கண்ணி கூடினால் வேலை இரட்டிப்பாகும். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் சங்கிலி நீண்டுபோக, திருத்தம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கே கணினி பல நிமிடம் உறைந்து நின்றது. காவலாளி வாசலிலேயே படுத்துக்கொண்டு யாரையும் உள்ளே விடாத நிலை.

நம் ஊரில் ஏன் மூடினார்கள்

அந்தக் காலத்தில் கணினி பழுதுபார்க்கிற அண்ணனிடம் கேட்டால் கிடைக்கும் முதல் அறிவுரை, "அப்டேட்டை ஆஃப் பண்ணிடுங்க." வேகம் மட்டும் காரணம் இல்லை. சில வெள்ளிக்கு வாங்கிய கள்ள வட்டில்தான் பல வீடுகளில் விண்டோஸ் ஓடியது. புதுப்பித்தால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் உண்மையான பயம்.

2006இல் மைக்ரோசாப்ட் விண்டோஸ் அசலா என்று பரிசோதிக்கும் நிரலை, அவசரப் பாதுகாப்புத் திருத்தம் போகும் அதே குழாய் வழியாக அனுப்பியது. அது நாள்தோறும் தலைமையகத்தைத் தொடர்புகொள்கிறது என்று வெளியே தெரிந்ததும் அமெரிக்காவில் வழக்குகள் வந்தன. 2008இல் கள்ளப் பிரதிகளின் திரைப் பின்னணியை மணிக்கு ஒருமுறை கறுப்பாக்கும் நிரலும் அதே குழாயில்தான் வந்தது. கள்ளப் பிரதி சரியா தப்பா என்பது வேறு வாதம். நான் சொல்ல வருவது விளைவைப் பற்றி. தடுப்பூசி போட வந்த ஆளே அடையாள அட்டையும் கேட்டால் மக்கள் கதவைத் திறக்கமாட்டார்கள். ஊரில் நோய் பரவும். அந்த 2008இன் கடைசியில் கிளம்பிய கான்ஃபிக்கர் புழு, ஒரு மாதம் முன்பே திருத்தம் வந்துவிட்ட ஓட்டை வழியாக இலட்சக்கணக்கான கணினிகளில் புகுந்தது. நுழைந்ததும் அது செய்த முதல் காரியங்களில் ஒன்று, புதுப்பிக்கும் சேவையையும் பிட்ஸையும் நிறுத்தியது. அந்த அண்ணன் சொன்னதையேதான் அதுவும் செய்தது.

இதற்கு நடுவில் 2007இல் இன்னொன்றும் நடந்தது. "எனக்குச் சொல், நானே போட்டுக்கொள்கிறேன்" என்று தேர்ந்தெடுத்தவர்களின் கணினியிலும் விண்டோஸ் அப்டேட் தன்னுடைய சொந்தக் கோப்புகளைச் சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டது. தன்னைப் புதுப்பிக்காவிட்டால் உங்களுக்குச் செய்தி சொல்லக்கூட முடியாது என்பது நிறுவனத்தின் விளக்கம். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் முடியாது என்பதையாவது முதலில் சொல்லியிருக்கலாம்.

கட்டாயம்

2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வந்தது. வீட்டுப் பதிப்பில் புதுப்பித்தலை நிறுத்தும் பொத்தானே இல்லை. பிற்காலப் பதிப்புகளில் மெடிக் என்றொரு சேவை சேர்ந்தது. புதுப்பிக்கும் சேவையை நீங்கள் முடக்கினால், அதை மறுபடி எழுப்பிவிடுவது அதன் வேலை. காவலாளிக்கு ஒரு காவலாளி.

பழைய விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு விண்டோஸ் 10க்கு அழைக்கும் விளம்பரமும் பாதுகாப்புத் திருத்தங்களின் குழாய் வழியாகவே வந்தது. 2016 மே மாத வாக்கில் அந்தப் பெட்டியின் மூலையில் இருந்த சிவப்புக் குறுக்குக் குறியை அழுத்தி மூடினாலும், குறித்த நேரத்தில் மாற்றம் நடக்கும் என்று வைத்திருந்தார்கள். வேண்டாம் என்று நாம் சொன்னதற்குச் சரி என்று அர்த்தம் எடுத்துக்கொண்டது இயந்திரம். கேட்காமல் நடந்த இந்த மாற்றத்தால் தொழில் கெட்டது என்று கலிபோர்னியாவில் பயண முகவர் ஒருவர் வழக்குப் போட்டு 10,000 டாலர் வாங்கினார்.

இப்படி எரிச்சல் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில்தான் 2017 மே 12 வந்தது. வான்னாகிரை. திருத்தம் மார்ச் 14 அன்றே வெளியாகியிருந்தது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. சிங்கப்பூரில் தியோங் பாரு பிளாசாவின் வழிகாட்டித் திரைகளில்கூடப் பணம் கேட்கும் சிவப்புப் பெட்டி தெரிந்தது. புதுப்பித்தலைக் கட்டாயமாக்கியவர்கள் சொன்னது சரிதான் என்று தோன்றிய வாரம் அது.

ஆறே வாரம் கழித்து, ஜூன் 27 அன்று, கதை தலைகீழானது. உக்ரைனில் வரிக்கணக்குக்குப் பயன்படும் எம்இடாக் என்ற மென்பொருளின் புதுப்பிக்கும் வழிக்குள்ளேயே யாரோ புகுந்திருந்தார்கள். அங்கிருந்து நாட்பெட்யா கிளம்பியது. உண்மையான நிறுவனத்தின் உண்மையான குழாயில் விஷம் வந்தது. மாஸ்க் கப்பல் நிறுவனம் 45,000 கணினிகளையும் 4,000 சேவையகங்களையும் பத்து நாளில் மறுபடி நிறுவ வேண்டியிருந்தது. மே மாதத்தில் அடிபட்டவர்கள் புதுப்பிக்காதவர்கள். ஜூன் மாதக் கதையின் தொடக்கப்புள்ளி, ஒழுங்காகப் புதுப்பித்தவர்கள்.

பிறகு கெட்ட எண்ணமே இல்லாமலும் விபத்து நடக்கும் என்று காட்டியது 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சின்னக் கோப்பில் பிழை. நம் நேரப்படி வெள்ளிக்கிழமை நண்பகல் 12.09க்கு அது கிளம்பியது. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் உறைந்துவிட்டன. சாங்கியிலும் கேஎல்ஐஏ 2இலும் ஏர்ஏசியா பயணிகள் வரிசையில் நிற்க, ஊழியர்கள் கையால் பதிவு செய்தார்கள். பிழையான கோப்பு ஒரு விநாடியில் தானாக வந்தது. அதை நீக்க ஒவ்வொரு கணினிக்கும் ஒரு மனிதர் போய் உட்கார வேண்டியிருந்தது.

கொஞ்சம் திரும்பி வந்த அனுமதி

2003இன் பேரழிவு நம் கையிலிருந்து முடிவை எடுத்துக்கொண்டது. பின்னால் வந்த விபத்துகள் அதில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்தன. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு சிலருடைய ஆவணங்களையே அழித்துவிட, மைக்ரோசாப்ட் அதை நான்கே நாளில் நிறுத்திவைத்தது. அடுத்த ஆண்டு மே மாதப் பதிப்பில் வீட்டுப் பயனர்களுக்கும் ஏழு ஏழு நாளாக 35 நாள் வரை தள்ளிப்போடும் உரிமை வந்தது. 2024க்கு முன்பு கிரவுட்ஸ்ட்ரைக்கின் வாடிக்கையாளர்கள் மென்பொருளின் புதிய பதிப்பைத் தாமதப்படுத்தலாம், ஆனால் அந்தச் சின்னக் கோப்புகளைத் தாமதப்படுத்த முடியாது. விபத்துக்குப் பிறகு அதற்கும் வழி செய்தார்கள். எந்த உரிமையும் சும்மா வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது.

ஆகவே இன்று பின்னணிச் செயல்களை நிர்வகிப்பது என்றால் அவற்றைக் கொல்வது இல்லை. சேவையை முடக்குகிறவர் கான்ஃபிக்கரின் வேலையைத் தன் கையால் செய்கிறார். நேரத்தைக் கேட்டு வாங்கலாம். நீங்கள் எழுதும் மணிநேரத்தைக் கணினிக்குச் சொல்லி வைத்தால் அந்த நேரத்தில் அது ரீஸ்டார்ட் ஆகாது. கைப்பேசித் தரவில் இணையம் பிடித்தால் அந்த இணைப்பை அளவுள்ளது என்று குறித்துவிடலாம், பெரிய பதிவிறக்கங்கள் காத்திருக்கும். ஒரு வாரம் தள்ளிப்போட்டு, மற்றவர்களுக்கு என்ன ஆனது என்று பார்க்கலாம். ஆனால் ஐந்து வாரம் தள்ளிப்போட்டால் 26 நாள் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கதைகளையும் கட்டுரைகளையும் தனியாக ஒரு வட்டில் நகல் எடுத்து வையுங்கள். முதல் டீமன் அந்த வேலைக்குத்தான் எழுதப்பட்டது.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு முடிந்தது. தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு உண்டு. மற்றவர்களுக்கு, பல புதிய நிபந்தனைகளால் விண்டோஸ் 11க்குப் போக முடியாத பழைய மடிக்கணினிகளுக்கு, மாதாந்தரத் திருத்தங்கள் நின்றுவிட்டன. எழுதிக்கொண்டிருக்கும்போது மூலையில் பெட்டி தோன்றாது. புதன்கிழமை காலையில் "தயாராகிறது, அணைக்காதீர்கள்" என்று காக்கவைக்காது. பத்து வருடமாகத் திட்டித் தீர்த்த தொல்லை போய்விட்டது என்று நிம்மதியாகக்கூட இருக்கும். அந்த நிம்மதியை நம்ப வேண்டாம். எல்லையில் இனி யாரும் நடக்கவில்லை.